தண்ணீர் வடியாத வரை

பொம்மசந்திரா,
9 ஜூன் 2024

அன்புத் தங்கை தமயந்திக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் அண்ணன் சுகமாக இருக்கிறேன். உன் முட்டிவலி எப்படி? ஹாஸ்டலில் இன்னும் நின்றுகொண்டேதான் சமைக்கிறாயா? ஒரு ஸ்டூல் போட்டுத் தரச் சொல். என் காது போன வருஷத்தைவிட மோசம். தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் இரைச்சலில் போன காது இனித் திரும்பாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். போனில் நீ பேசினால் டப்பாவுக்குள் ஈ சுற்றுகிற மாதிரி இருக்கிறது. ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன் என்று சிரிக்காதே.

நம் கரையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கோலார் சுரங்கத்தை மூடியபிறகு அப்பா இந்த நிலத்தை வாங்கி, ஓடைக்குக் குறுக்கே கரை போட்டு ஏரியாக்கியது உனக்குத் தெரியும். அவரும் அவரோடு சுரங்கத்தில் இறங்கியவர்களும் கூடை கூடையாகச் சுமந்து கொட்டிய மண். அதில் களிமண் எவ்வளவு, சரளை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. போன மாதம் கரையின் வெளிப்பக்க அடியில் ஒரு பாய் அகலத்துக்கு ஈரம் பார்த்தேன். கொளுத்துகிற வெயிலில் அங்கே மட்டும் புல் பச்சையாக இருந்தது. கால் வைத்தால் உள்ளே வாங்குகிறது.

பக்கத்து லேஅவுட்டில் புதிதாக வீடு கட்டி வந்திருக்கும் சேஷகிரி சாரைக் கூட்டிவந்து காட்டினேன். ஏரி, அணை வேலைகள் பார்த்து ரிட்டயர் ஆன இன்ஜினியர். கசிகிற நீரைக் கையில் ஏந்திப் பார்த்தார். "தெளிவா வருது, இதுவரைக்கும் பரவாயில்லை. கலங்கி வந்தா உள்ளே மண்ணு கரையுதுன்னு அர்த்தம். அப்புறம் நம்ம கையில இல்லை" என்று என் காதருகே வந்து கத்தினார். ஏரியை முழுக்க வடித்துவிட்டுத்தான் கரையைத் திறந்து பார்க்க வேண்டுமாம்.

நிலப் பத்திரத்தில் உன் பெயரும் இருப்பதால், ஏரியை வடிக்கத் தாலுகா ஆபீசில் இருவர் சம்மதமும் கேட்கிறார்கள். காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

ஆட்டோ ஓட்டும் ஃபிராங்க்ளின் ஸ்ரீராம்புரம் வருகிறான். அவனிடம் ஜிலேபி மீன் கொடுத்துவிட்டிருக்கிறேன். நம் ஏரி மீன். மிளகு கூடுதலாகப் போட்டுச் செய்.

பிரியமுள்ள அண்ணன்,
சிரில்


ஸ்ரீராம்புரம்,
23 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். முட்டிவலி மழை வந்தால் வரும், போனால் போகும். மீன் வந்தது. நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

கரை விஷயம் படித்தேன். அப்பா கட்டியது. அவர் இருக்கும்போதே கசிவு உண்டு என்று எனக்கு ஞாபகம். மழைக்காலம் வேறு தொடங்கிவிட்டது, இப்போது போய் ஏன் வடிக்க வேண்டும்? உன் போர்வெல்லில் தண்ணீர் நிற்பதே அந்த ஏரியால்தான். கிறிஸ்துமஸ் முடியட்டும், பார்க்கலாம்.

காகிதம் பத்திரமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

தமயந்தி


பொம்மசந்திரா,
14 ஜூலை 2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் எழுத்துதான் எப்போதும்போல் இல்லாமல் கோணலாக இருந்தது. ரத்தக் கொதிப்பு பார்த்தாயா?

நீ இங்கிருந்து போய் ஏழு வருஷமாகிறது. இடம் மாறிப்போய்விட்டது, தமயந்தி. கரைக்குக் கீழே அன்று சோளம் விதைத்திருந்த பள்ளத்தில் இன்று தகரக் கொட்டகைகள் வரிசையாக நிற்கின்றன. கம்பெனிகளில் வேலை செய்கிற குடும்பங்கள். முக்கால்வாசி திருப்பத்தூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்கள். மழைத்தண்ணீர் மிஞ்சி வழிகிற கோடி இருக்கிறதே, அதன் வாயை லேஅவுட்காரர்கள் காம்பவுண்ட் சுவர் எழுப்பிப் பாதி அடைத்துவிட்டார்கள். தண்ணீர் ஏறினால் போக இடமில்லை. கரைமேல் ஏறித்தான் வழிய வேண்டும். மண் கரைமேல் தண்ணீர் வழிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல இன்ஜினியர் வேண்டாம்.

அந்தக் கொட்டகைகளில் அம்புஜம் என்று ஒரு பெண், துணி கம்பெனியில் வேலை. அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "தண்ணி அது பாட்டுக்குக் கெடக்குதுண்ணா. அதுக்கு பயந்து எங்க போறது? கம்பெனி பஸ் இங்கதான் நிக்குது, புள்ளைங்க ஸ்கூலு இங்க இருக்குது" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்க தண்ணிக்குக் கீழதான் படுக்கறோம். நீங்க இருக்கீங்கன்னு தைரியம்" என்றாள்.

கையெழுத்துப் போட்டு அனுப்பு.

சிரில்


ஸ்ரீராம்புரம்,
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஹாஸ்டலில் புதுப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள், வேலை அதிகம்.

வடிக்காமலே பழுது பார்க்க முடியாதா? வெளிப்பக்கம் மண் மூட்டை அடுக்கலாம், கல் பரப்பலாம். சேஷகிரி சாரிடம் கேள்.

இன்னொன்று. கோடை உச்சத்தில் தண்ணீர் எவ்வளவு தூரம் இறங்குகிறது? அடைந்துபோன மதகுத் தூம்பு பக்கத்துப் பள்ளத்தின் தரையை நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா? சும்மா கேட்கிறேன்.

இனி மீன் அனுப்பாதே. எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

தமயந்தி


பொம்மசந்திரா,
1 செப்டம்பர் 2024

தமயந்திக்கு,

நான் சுகம். நீயும் சுகம்தான் என்பது உன் வீட்டு வாசலில் நின்றபோதே தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே ஸ்ரீராம்புரம் வந்தேன். ஒரு பஸ் மாறி, மெட்ரோ ஏறி, உன் வீடு இருக்கும் குறுகிய சந்தைத் தேடிப் பிடித்து, அந்தச் செங்குத்துப் படியேறினேன். கதவு சாத்தியிருந்தது. உன் செருப்பு வெளியே கிடந்தது. தட்டினேன். செவிடன் நான், உள்ளேயிருந்து குரல் கொடுத்தாயோ என்னவோ என்று கதவில் கை வைத்துப் பார்த்தேன். மிக்ஸியோ ஃபேனோ ஓடிய அதிர்வு கைக்குத் தெரிந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. கீழ் வீட்டம்மா, "இப்பத்தான் உள்ள போனாங்க" என்று கையால் காட்டினார்.

உன் கேள்விக்குப் பதில். தூம்புப் பள்ளத்தின் தரையை அப்பா காலத்துக்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை. எந்தக் கோடையிலும் அங்கே ஒரு ஆள் ஆழம் நிற்கும். அடியில் பாசியும் கொடியுமாக இருட்டு. மண் மூட்டை பற்றியும் கேட்டேன். உள்ளே புண் இருக்கும்போது வெளியே பிளாஸ்திரி ஒட்டி என்ன பயன் என்றார் சேஷகிரி சார்.

உன் கோபம் யார்மேல் என்று எனக்குப் புரிகிறது. வேலை தேடிச் சென்னைக்குப் போகிறேன் என்று சொல்லி, இந்தக் கரையோரம் உன்னைத் தனியாக விட்டுவிட்டு ஓடிப்போனாரே மாப்பிள்ளை கில்பர்ட், அவர்மேல். அந்தத் துக்கத்தில்தான் நீ இந்த இடமே வேண்டாம் என்று போனாய். ஓடிப்போனவருக்காகக் கீழே தூங்குகிற பிள்ளைகளைத் தண்டிக்கலாமா?

சிரில்


ஸ்ரீராம்புரம்,
12 செப்டம்பர் 2024

அண்ணா,

அன்று உள்ளேதான் இருந்தேன்.

கையெழுத்துப் போட மாட்டேன். தாலுகா ஆபீசில் அப்படியே சொல்லிக்கொள்.

கில்பர்ட்டை ஓடிப்போனவர் என்று இனி எழுதாதே.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தமயந்தி


பொம்மசந்திரா,
16 அக்டோபர் 2024

தமயந்திக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. நாலைந்து நாளாக விடாத மழை. இன்று காலை கசிவு செம்மண் நிறத்தில் வந்தது. டம்ளரில் பிடித்து வைத்தேன், அடியில் மண் தங்கியது. சேஷகிரி சார் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார், ஆட்களைக் கூப்பிட.

கோடியை வெட்டி ஆழப்படுத்தப் போகிறோம். உன் கையெழுத்துக்கு இனிக் காத்திருக்க மாட்டேன். போலீஸ், கோர்ட் எதுவானாலும் பிறகு வந்து பதில் சொல்கிறேன்.

அண்ணன்


ஸ்ரீராம்புரம்,
18 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணா,

இங்கேயும் மழை. நீ கரைமேல் நிற்பாய் என்று தெரியும். குடை பிடிக்க மாட்டாய் என்பதும் தெரியும். தலையை ஈரமாக வைக்காதே.

இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

ஏழு வருஷத்துக்கு முன் இதே மாதிரி மழை. நானும் கில்பர்ட்டும் கரை வீட்டில் இருந்தோம். எனக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை, டவுனுக்குப் போய்விடலாம் என்று முதல் நாள் முழுக்கச் சண்டை போட்டேன். "உன் வாய்க்கு எங்கயாவது கண்காணாம போயிடறேன்" என்றார். மறுநாள் காலை டீ குடித்தார். கோணிப்பையை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டார். "கோடியில செத்தை அடைச்சிருக்கும், எடுத்துவிட்டுட்டு வரேன்" என்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கோடியில் தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டது. அடைப்பை எடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவ்வளவுதான் அண்ணா. அவர் வரவில்லை.

மழை குறைந்ததும் போய்ப் பார்த்தேன். கோணிப்பை கரைமேல் கிடந்தது. அவர் மாற்றுச் சட்டை, பை, நல்ல செருப்பு எல்லாம் வீட்டில் இருந்தன. சென்னைக்குப் போகிறவர் வெறுங்காலோடு போவாரா? நீ வந்து கேட்டபோது வேலை தேடிப் போனார் என்று சொன்னேன். தண்ணீரில் போனார் என்று சொல்லியிருந்தால் நீ ஆள் இறக்கியிருப்பாய். ஆள் இறங்கினால் அவரைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். வாயில் பாசியோடு அவரை என்னால் பார்க்க முடியாது என்று அன்று தோன்றியது. சொல்லாமல் இருந்தால் அது நடக்காது என்று நினைத்தேன். மிதந்து வருவார் என்று எத்தனையோ நாள் ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. தூம்புப் பள்ளத்தில், கொடியில் சிக்கியிருப்பார் என்று முடிவு செய்துகொண்டு ஸ்ரீராம்புரம் வந்தேன்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் பஸ் ஏறி அடுகோடிப் பக்கம், என்னை யாருக்கும் தெரியாத ஒரு கோவிலுக்குப் போய் அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். இங்கே கேட்கிறவர்களிடம் சென்னையில் இருக்கிறார் என்கிறேன். நீ அந்தத் தண்ணீரில் குளிக்கிறாய், அந்த மீனை எனக்கு அனுப்புகிறாய். உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதனோடு வருகிறது. வடிக்கும்போது ஆட்களைத் தூரமாக நிற்கச் சொல். நீ மட்டும் போய்ப் பார்.

தமயந்தி


பொம்மசந்திரா,
10 நவம்பர் 2024

என் அருமைத் தங்கைக்கு,

நான் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறேன். எல்லோரும் இருக்கிறார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் என் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. மழையில் தபால்காரர் இந்தப் பக்கமே வரவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஜேசிபி வைத்துக் காம்பவுண்ட் சுவரை இடித்தோம். சேஷகிரி சார் பக்கத்திலேயே நின்று கோடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டச் சொன்னார். ஒரேயடியாக வெட்டினால் தண்ணீர் பாய்கிற வேகத்தில் கரையே போய்விடுமாம். குழாய் போட்டும் இறைத்தோம். நான் கொட்டகைகளுக்கு ஓடினேன். பாதிப் பேர் நம்பவில்லை. அம்புஜம் அடுப்பில் குக்கர் வைத்திருந்தாள். "விசில் வரட்டும்ணா" என்றாள். அடுப்பை அணைத்து, குக்கரை நானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். சோற்றுக்காகவாவது பின்னால் வருவார்கள் என்று. வந்தார்கள். எல்லோரையும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தோம்.

மறுநாள் மத்தியானம் தண்ணீர் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. நான் கரைமேல் நின்றேன். எனக்குச் சத்தம் கேட்கவில்லை, காலுக்குத் தெரிந்தது. பிரஸ் ஷாப்பில் பெரிய மிஷின் இறங்கும்போது தரை நடுங்குமே, அப்படி. சேஷகிரி சார் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் கரை ஒரு லாரி அகலத்துக்கு அப்படியே உட்கார்ந்து, கீழே போனது. மிச்சமிருந்த தண்ணீரும் சேறும் கொட்டகைகளுக்குள் புகுந்தன. முன்வரிசைத் தகரமெல்லாம் காகிதம் மாதிரி மடிந்துவிட்டது. அம்புஜத்தின் வீடு இருந்த இடத்தில் மண்தான் இருக்கிறது. ஏரி நிறைந்திருந்தபோது உடைந்திருந்தால் பின்வரிசையும் மிஞ்சியிருக்காது என்றாள்.

அடுத்த வாரம் உன் கடிதம் வந்தது. வாசலில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். பிறகு மண்வெட்டி எடுத்துக்கொண்டு இறங்கினேன். நீ சொன்னபடி முதலில் தனியாக. முழங்கால்வரை சேறு. தூம்புப் பள்ளத்தைக் கையாலேயே துழாவினேன். நீளமாக ஓர் எலும்பு தட்டுப்பட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன். அவரை எத்தனை தடவை ஏசியிருக்கிறேன். மன்னிப்புக்கூடக் கேட்டேன். சேஷகிரி சார் அதை வாங்கித் தெரிந்த டாக்டரிடம் காட்டினார். ஆட்டு எலும்பு.

அதற்குப் பிறகு ஆள் வைத்து, பள்ளம் முழுவதையும் பாறை தெரிகிறவரை அள்ளினோம். ஏரித் தரையையும், உடைப்பில் போன சேற்றையும் முழுக்கத் தேடினோம். டயர், உடைந்த நாற்காலி, கரைத்த பிள்ளையாரின் கம்பிகள். வேறொன்றும் இல்லை. கோடி வழியாகப் போயிருந்தால் கீழே சாலைப் பாலத்தடிக் கம்பித் தடுப்பில் சிக்கி நின்றிருக்க வேண்டும். அந்த வருஷம் அதைச் சுத்தம் செய்தவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். குப்பை தவிர எதுவும் இல்லை என்றார்கள்.

தமயந்தி, அவர் இங்கே இல்லை. இருந்ததே இல்லை. அப்படியென்றால் என்ன என்று உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. முன்பு சுலபமாக எழுதிய வார்த்தைதான்.

நான் வரட்டுமா? கதவைத் திறப்பாயா?

அண்ணன்


ஸ்ரீராம்புரம்,
8 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

நீயும், பள்ளிக்கூடத்தில் தங்கியவர்களும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நேரில் வந்தே தெரிந்துகொண்டேன். ஆமாம், வந்திருந்தேன். நீ காது டாக்டரிடம் போகிற நாள் எது என்று ஃபிராங்க்ளினிடம் கேட்டு, அன்று பார்த்து வந்தேன். உன் முகத்தைப் பார்த்திருந்தால் போக வந்த இடத்துக்குப் போயிருக்க மாட்டேன்.

உடைந்த கரைமேல் நின்றேன். சேறு காய்ந்து வெடித்திருந்தது. நான் நினைத்து வைத்திருந்ததைவிட எவ்வளவு சின்ன ஏரி. ஏழு வருஷமாக எனக்குள் அது கடல் மாதிரி இருந்தது. தூம்புப் பள்ளத்தில் இறங்கி, நீங்கள் சுரண்டிய பாறைமேல் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

மேலே ஏறி வரும்போது அம்புஜம் பார்த்துவிட்டாள். யார் என்று சொன்னேன். "எங்களை இழுத்துட்டுப் போனது உங்க அண்ணன்தான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கையெழுத்துப் போடாத ஒவ்வொரு மாதமும் அவள் பிள்ளைகள் அந்தத் தண்ணீருக்குக் கீழே தூங்கினார்கள். அவளுக்கு அது தெரியாது. கையை விடுவித்துக்கொள்ளவும் முடியவில்லை, அவள் கண்ணைப் பார்க்கவும் முடியவில்லை.

பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். என் வீட்டுக்காரரைக் காணவில்லை என்று முதல்முறையாகச் சொன்னேன். "இஷ்டு வர்ஷ யாக்கம்மா சும்னெ இத்ரி?" என்று அந்தப் பெண் போலீஸ் கேட்டாள். இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தேன் என்று கன்னடத்தில் எனக்குச் சொல்ல வரவில்லை. தமிழிலும் வந்திருக்காது. என்ன நிறச் சட்டை, உயரம் எவ்வளவு, அடையாளத் தழும்பு உண்டா என்று கேட்டாள். எல்லாம் சொன்னேன். இப்போது எப்படி இருப்பார் என்று கேட்டாள். எனக்குள் அவருக்கு வயதே ஏறவில்லை. நரைத்திருப்பாரா, கண்ணாடி போட்டிருப்பாரா, பக்கத்தில் யாராவது இருப்பார்களா, அன்று வெறுங்காலோடு எவ்வளவு தூரம் நடந்திருப்பார், எந்த இடத்தில் திரும்பிப் பார்த்திருப்பார். செத்தவரோடு எனக்கு வாழத் தெரிந்திருந்தது அண்ணா. உயிரோடு இருக்கிறவரை என்ன செய்வது என்று தெரியவில்லை.

இனிக் கல்லறைத் திருநாளுக்கு நான் அந்தக் கோவிலுக்குப் போக மாட்டேன்.

கதவைத் திறப்பாயா என்று கேட்டிருந்தாய். திறப்பேன். ஞாயிற்றுக்கிழமை வா, உனக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு வைக்கிறேன். ஒன்று மட்டும் செய். இந்தப் படியில் யார் ஏறினாலும் இதுவரை நான் தலைகூடத் தூக்கியதில்லை. இப்போது காலடிச் சத்தம் கேட்டாலே, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, அது நின்றுபோகிறதா, மேலே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் நீ வரும்போது சந்திலேயே நின்று, என் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடு. கூப்பிட்டுவிட்டு மேலே ஏறு.

உன் தங்கை,
தமயந்தி